அஞ்சு கப்

பெரியவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய அன்று டாக்டர் கணக்கைச் சொன்னது மில்லியில். அதைக் கப்பாக மாற்றிச் சொன்னவர் நர்ஸ்.

"இதயம் கொஞ்சம் பலவீனமா இருக்கு. உடம்புல நீர் தங்கக் கூடாது. தண்ணி, டீ, பால், கஞ்சி, சூப், எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூத்தம்பது மில்லி. அதுக்கு மேல போகவே கூடாது. அதுக்காக ரொம்பக் குறைச்சிடவும் கூடாது" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

பெரியவர் மருமகளைப் பார்த்தார். மருமகள் நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார், அதாவது பெரியவரின் மகள், சுவரைப் பார்த்தாள். இப்படிப்பட்ட முகங்களை நாள் முழுக்கப் பார்த்துப் பழகிய நர்ஸ் சிரித்துவிட்டாள்.

"பயப்படாதீங்க. அஞ்சு கப்னு வச்சுக்கோங்க. சுலபமா இருக்கும்."

மூன்று பேருக்கும் மூச்சு வந்தது. மில்லி என்பது மருந்துக் குப்பியின் லேபிளில் இருக்கும் சமாச்சாரம். கப் வீட்டில் இருக்கிற பொருள், கையில் பிடிக்கலாம். பெரியவர் வலது கையை விரித்து ஐந்து விரலையும் ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

அவர் தொலைதூர பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு மகன் வீட்டோடு வந்துவிட்டார். மகனுக்குக் கப்பலில் என்ஜின் வேலை. வருஷத்தில் பாதி நாள் கடலில் இருப்பான். ஆக அந்த வீட்டில் பெரும்பாலும் இரண்டே பேர்தான், மாமனாரும் மருமகளும். இருவரும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். சண்டை எதுவும் இல்லை, பேச விஷயம் இல்லை, அவ்வளவுதான். அவர் செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பார். அவள் காலையில் சமைத்து மூடி வைத்துவிட்டுக் கண்ணாடிக் கடைக்குப் போவாள், சாயங்காலம் வருவாள்.

கண்ணாடிக் கடையில் அவளுக்கு அளவெடுக்கிற வேலை. வருகிறவரின் இரண்டு கண்மணிகளுக்கும் நடுவில் எத்தனை மில்லிமீட்டர் என்று சின்ன ஸ்கேலை வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவள் எடுத்த அளவில் இதுவரை ஒரு கண்ணாடி திரும்பி வந்ததில்லை என்று முதலாளியே வாடிக்கையாளர்களிடம் சொல்வார். அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமை உண்டு. மாமனாரின் தண்ணீர்க் கணக்கையும் அப்படித்தான் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியைத் திறந்து மாமனாருக்கு என்று ஒரு கப்பைத் தேர்ந்தெடுத்தாள். கடையின் ஆண்டு விழாவில் ஊழியர்களுக்கெல்லாம் கொடுத்தது, வெள்ளை நிறம், மேலே ஒரு மூக்குக்கண்ணாடிப் படம். அதை எடுத்ததற்கு ஒரே காரணம், அதற்கு மூடி இருந்தது. மூடி வைத்தால் ஈ விழாது, தூசி விழாது.

"மாமா, இனிமே உங்களுக்கு இதுதான். வேற எதுலயும் குடிக்காதீங்க, கணக்கு குழம்பிடும்."

"சரிம்மா" என்றார் பெரியவர்.

அவர் தனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டார். ஜன்னல் விளிம்பில் ஐந்து ஸ்பூன்களை வரிசையாக வைத்தார். ஒரு கப் குடித்ததும் ஒரு ஸ்பூனை இடப் பக்கத்திலிருந்து வலப் பக்கத்துக்குத் தள்ளுவார். காலையில் ஒரு கப் டீ, மதியம் ஒரு கப் கஞ்சி, மீதி மூன்றும் தண்ணீர். தாகம் பொறுக்க முடியாதபோது வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு வந்து உட்காருவார். சில நேரம் ஈரத் துண்டை முகத்தில் போட்டுக்கொள்வார்.

"ரொம்பக் கஷ்டமா இருக்கா மாமா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"வண்டி ஓட்டுறப்போ இதைவிடக் கஷ்டம். பாதி வழியில இறங்கணும்னா அம்பது பேர் முகத்தைத் தூக்கி வச்சுக்குவாங்க. அதனால ஏறுறதுக்கு முன்னாடியே தண்ணி குடிக்கிறதைக் குறைச்சிடுவோம். பழக்கம்தான்."

அவள் அடுப்பை அணைக்க ஓடிவிட்டாள். அந்தப் பேச்சு அவள் காதில் விழுந்தது, மனதில் நிற்கவில்லை.

முதல் வாரம் நன்றாகத்தான் போனது. பிறகு அவருடைய செருப்பு இறுகத் தொடங்கியது. சாயங்காலம் கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்தது, உடனே மேலே எழவில்லை. தினமும் காலையில் எடை பார்க்கச் சொல்லியிருந்தார்கள். எடை ஏறிக்கொண்டே போனது. மாடிப்படியில் நான்கு படி ஏறினால் நின்று மூச்சு வாங்கினார்.

டாக்டரிடம் போனார்கள். டாக்டர் காலைப் பார்த்தார், நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டார்.

"தண்ணி அதிகமாப் போகுதே."

"இல்ல டாக்டர், அஞ்சே கப்தான். நானே பார்த்துப் பார்த்துத் தர்றேன்" என்றாள் மருமகள்.

"அஞ்சு கப் குடிக்கிறவருக்குக் கால் இப்படி வீங்காதே" என்றவர் பெரியவர் பக்கம் திரும்பி, கொஞ்சம் சிரித்துக்கொண்டே கேட்டார். "என்னங்க ஐயா, வீட்டுக்குத் தெரியாம ஓரமா ஏதாவது நடக்குதா?"

அது கடுமையாகச் சொன்ன வார்த்தை இல்லை. டாக்டர் பலரிடமும் கேட்கிற கேள்விதான். பெரியவர் இல்லை என்று தலையை ஆட்டினார். டாக்டர் நீர் பிரிய வைக்கும் மாத்திரையை அதிகப்படுத்திக் கொடுத்து அனுப்பினார்.

வரும் வழியெல்லாம் மருமகளுக்கு அந்தக் கேள்வி முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. தான் கடையில் இருக்கும் நேரத்தில் வீட்டில் என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அவர் தனியாகத்தானே இருக்கிறார்?

அன்றிலிருந்து அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தாள். குளியலறையில் குழாய்ச் சத்தம் கேட்டால் கதவருகே போய் நின்றாள். ஒரு நாள் அவர் சட்டைக் காலர் நனைந்திருந்தது. "இது என்ன மாமா ஈரம்?" என்று கேட்டாள். "வாய் கொப்பளிச்சேன்" என்றார். அவர் சொன்னது உண்மையாக இருக்கலாம், ஆனால் அவளால் நம்ப முடியவில்லை. நம்பாமல் இருப்பதும் அவளுக்குச் சுகமாக இல்லை.

சமையலறையில் குடிதண்ணீர் ஒரு பெரிய கண்ணாடி ஜாடியில் இருக்கும். அடியில் குழாய், பக்கத்தில் லிட்டர் கோடுகள். ஒரு நாள் காலையில் ஜாடியை மேல் கோடு வரை நிரப்பி வைத்துவிட்டுக் கடைக்குப் போனாள். சாயங்காலம் வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் ஜாடியைப் பார்த்தாள். பிறகு கூடத்துக்கு வந்து மெதுவாகக் கேட்டாள்.

"மாமா, இன்னிக்கு நான் போனப்புறம் எத்தனை கப் தண்ணி குடிச்சீங்க?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். "மூணு."

"வேற எதுக்காவது ஜாடித் தண்ணிய எடுத்தீங்களா?"

"இல்லையேம்மா."

"மூணு கப்னா முக்கால் லிட்டர். ஜாடியில ஒரு லிட்டருக்கு மேல குறைஞ்சிருக்கு. மீதி எங்க போச்சு மாமா?"

பெரியவர் எழுந்து வந்தார். ஜாடியின் முன்னால் குனிந்து கோட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"மூணுதாம்மா குடிச்சேன்" என்றார். குரல் முன்பு இருந்த மாதிரி இல்லை.

"நான் உங்க நல்லதுக்குத்தானே சொல்றேன்? நாளைக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா, மகன் கடல்ல இருக்கான், மருமக சரியாப் பார்க்கலன்னுதான் எல்லாரும் பேசுவாங்க. குடிச்சா குடிச்சேன்னு சொல்லிடுங்களேன். பொய் எதுக்கு மாமா?"

பொய் என்ற வார்த்தையை அந்த வீட்டில் யாரும் அவரிடம் சொன்னதில்லை. சொன்ன பிறகு அவளுக்கே நாக்கு சுட்டது. ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஜாடி கண்முன்னால் சாட்சியாக நின்றுகொண்டிருந்தது.

மறுநாள் மகன் கப்பலிலிருந்து போன் செய்தான். அவள் மூலம் விஷயம் தெரிந்திருந்தது. "அப்பா, சின்னக் குழந்தை மாதிரி பண்ணாதீங்க. அவ பாவம், எத்தனையைத்தான் பார்ப்பா?" என்றான். பெரியவர் "சரிப்பா, சரிப்பா" என்று மட்டும் சொல்லிப் போனைக் கீழே வைத்தார்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் ஒரு பையில் துணிகளை எடுத்து வைத்திருந்தார்.

"பொண்ணு வீட்டுல கொஞ்ச நாள் இருந்துட்டு வர்றேம்மா."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று பிறகு நினைத்தாள். அப்போது அவளுக்கு அழுகையும் வந்தது, ஒரு பாரம் இறங்கியது போலவும் இருந்தது. மாத்திரைகளை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். அந்தக் கப்பை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். அவர் வேண்டாம் என்றார்.

மகளின் வீடு நான்கைந்து பஸ் நிறுத்தம் தள்ளி. மகள் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறவள். கூடத்தில் பாதியை ஓவனும் மாவு டப்பாக்களும் அட்டைப் பெட்டிகளும் பிடித்துக்கொண்டிருக்கும். கணவனும் பெட்டிகளுக்கு நடுவில்தான் உட்கார்ந்து சாப்பிடுவான், பழகிவிட்டது. அப்பா வந்ததில் அவளுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். தம்பி மனைவி கோட்டைவிட்டதைத் தான் சரிசெய்து காட்டப் போகிறோம் என்ற சந்தோஷமும் அதில் ஒரு பங்கு.

சரிசெய்தும் காட்டினாள். சில நாட்களிலேயே கால் வீக்கம் வற்றியது. எடை இறங்கியது. அவர் படியேறி மொட்டை மாடி வரை போய் வந்தார். மகள் உடனே போனை எடுத்தாள்.

"இங்கயும் அஞ்சு கப்தான் தர்றேன், ஒரு சொட்டு அதிகமும் இல்ல, குறைவும் இல்ல. காலைப் பார்த்தா நீயே நம்ப மாட்ட. இங்க அவருக்கு ஒளிச்சுக் குடிக்கணும்னு தோணலை போல."

"நல்லதுதான் அண்ணி" என்றாள் மருமகள். அண்ணி என்ன சொல்ல வந்தாள் என்பது தெளிவாகவே புரிந்தது. நிம்மதியாக இருக்கிற இடத்தில் மனுஷன் திருட மாட்டான் என்கிறாள். தன் வீட்டில் அவருக்கு நிம்மதி இல்லையா? யோசிக்க யோசிக்க அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம் ஒரு மதிய வேளையில் மகள் ஒரு பெரிய கேக்குக்கு மேல்பூச்சு பூசிக்கொண்டிருந்தாள். பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து அட்டைப் பெட்டிகளை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்தே கெண்டைக்காலில் பிடிப்பு, தலை லேசாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். காலிங் பெல் அடித்தது. "நான் பார்க்கிறேன்" என்று எழுந்தவர் மேஜையைப் பிடிக்கக் கை நீட்டி, பிடி கிடைக்காமல் மாவு டப்பாவோடு கீழே சாய்ந்தார்.

மருமகள் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது அவருக்குக் கையில் ஊசி ஏற்றி மருந்து நீர் இறங்கிக்கொண்டிருந்தது. கண் திறந்துதான் இருந்தார். தலைமுடியில் இன்னும் மாவு ஒட்டியிருந்தது. மகள் பூச்சுக் கத்தியைக் கையில் பிடித்தபடியே வந்திருந்தாள். அதை அவளே கவனிக்கவில்லை.

டாக்டர் கோபமாக இருந்தார். "ரத்த அழுத்தம் கீழ போயிருக்கு. உடம்பு வறண்டு கிடக்கு. ஒரு நாளைக்கு எவ்வளவு தர்றீங்க?"

"அஞ்சு கப் டாக்டர். சத்தியமா அஞ்சு கப்."

"அஞ்சு கப் குடிக்கிறவர் இப்படி வறண்டு போக மாட்டாரே."

இதைக் கேட்டதும் மருமகளுக்குச் சுருக்கென்றது. இதே டாக்டர், இதே குரல். அன்று வீங்காதே என்றார், இன்று வறளாதே என்கிறார். இரண்டு முறையும் பதில் அஞ்சு கப். அண்ணி பொய் சொல்கிற ஆள் இல்லை. பேச்சு கொஞ்சம் அதிகம், ஆனால் அப்பா விஷயத்தில் ஒரு சொட்டுக்குக் கூடக் கணக்கு வைக்கிறவள். அப்படியென்றால்?

வராந்தாவுக்கு வந்ததும் கேட்டாள். "அண்ணி, அவருக்கு எந்தக் கப்புல குடுத்தீங்க?"

"எந்தக் கப்புலன்னா? கப்புலதான்."

"அதைக் கொஞ்சம் காட்டுங்க."

"இப்ப அதுவா முக்கியம்? அப்பா உள்ள படுத்திருக்காரு, நீ கப்பு சாசர் விசாரிக்கிற!"

"காட்டுங்க அண்ணி. வழியில எங்க வீட்டுலயும் ஒரு நிமிஷம் இறங்கணும்."

மகளின் கணவனை ஆஸ்பத்திரியில் உட்கார வைத்துவிட்டு இருவரும் ஆட்டோ பிடித்தார்கள். மருமகள் தன் வீட்டில் இறங்கி மூடி போட்ட அந்த வெள்ளைக் கப்பைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள்.

மகளின் சமையலறைத் தரையில் மாவு அப்படியே சிந்திக் கிடந்தது. அதை மிதித்துக்கொண்டே போய் மகள் தட்டு அடுக்கிலிருந்து ஒரு கப்பை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பூப்போட்ட பீங்கான் கப். விருந்தாளிகளுக்கென்று வைத்திருப்பது. மற்றதெல்லாம் எப்போது பார்த்தாலும் முட்டையும் வெண்ணெயுமாக இருக்கும் என்பதால் அப்பாவுக்கு இதைக் கொடுத்திருந்தாள். மருமகள் பக்கத்தில் வெள்ளைக் கப்பை வைத்தாள்.

இரண்டும் அருகருகே நின்றபோதே பாதி விஷயம் தெரிந்துவிட்டது. ஆனால் மகள் ஒப்புக்கொள்ளவில்லை. "பார்க்கத்தான் அப்படி இருக்கு. உன்னுது அடி கனமா இருக்கும்" என்றாள். சொல்லிவிட்டு அவளே அலமாரியைத் திறந்து, கேக்குக்குப் பால் அளக்கிற ஜாரை எடுத்தாள். கண்ணாடி ஜார், பக்கத்தில் மில்லிக் கோடு.

முதலில் பூப்போட்ட கப்பை, தினமும் எவ்வளவு ஊற்றுவாளோ அவ்வளவு தண்ணீரால் நிரப்பி, ஜாரில் கொட்டினாள். குனிந்து பார்த்தாள். நூற்று முப்பது.

ஜாரைக் காலி செய்துவிட்டு வெள்ளைக் கப்பை நீட்டினாள். "நீ ஊத்து. எப்பவும் ஊத்துற மாதிரி." மருமகள் ஊற்றினாள். ஜாரில் தண்ணீர் இருநூறைத் தாண்டியது, முந்நூறைத் தாண்டியது. முந்நூற்று அறுபதில் நின்றது.

இருவரும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மகள்தான் முதலில் உட்கார்ந்தாள். "அஞ்சு நூத்து முப்பது அறுநூத்தம்பது. பாதிதான் குடுத்திருக்கேன்" என்றாள். "ஐயோ, என்கிட்ட அளவு கப் மூணு செட் இருக்கு. கேக் கத்துக்க வர்றவங்ககிட்ட முதல் நாளே சொல்வேன், புத்தகத்துல கப்புன்னு போட்டிருந்தா டீக்கப்பை எடுத்துடாதீங்க, சில புத்தகத்துல இருநூத்தி நாப்பது, சில புத்தகத்துல இருநூத்தம்பது, அதைப் பார்த்துட்டு ஊத்துங்கன்னு. கேக்குக்குத் தெரிஞ்சது, அப்பாவுக்குத் தெரியல பாரு."

மருமகள் அவள் சொன்னதைக் கேட்கவில்லை. அவள் மனதில் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. முந்நூற்று அறுபதை மூன்றால் பெருக்கினால் ஆயிரத்து எண்பது. ஒரு லிட்டருக்கு மேல். அன்று ஜாடியில் குறைந்திருந்தது அதேதான். அவர் மூன்று கப்தான் குடித்திருக்கிறார். தினமும் ஐந்தே கப். நாக்கு வறண்டு, வாய் கொப்பளித்து, ஈரத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு, சொன்ன சொல்லை அப்படியே காப்பாற்றியிருக்கிறார். அவரைத்தான் பொய்யர் என்றாள்.

"அழாதே" என்றாள் மகள். "நானும்தான் போன்ல உன்னை அப்படிக் குத்தினேன்." இருவரும் குனிந்து தரையில் கிடந்த மாவைப் பெருக்கத் தொடங்கினார்கள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

மறுநாள் காலையில் பெரியவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது. மகள் கீழே மருந்து வாங்கப் போயிருந்தாள். மருமகள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். பையிலிருந்து இரண்டு கப்பையும் அளவு ஜாரையும் எடுத்துக் கட்டிலோரத்து மேஜையில் வைத்தாள். வாயால் சொன்னால் தான் உடைந்துவிடுவோம் என்று பயந்து, தண்ணீரை ஊற்றியே காட்டினாள். முதலில் பீங்கான் கப், பிறகு வெள்ளைக் கப்.

பெரியவர் ஜாரைக் கையில் வாங்கினார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"அப்ப நான் மூணுதான் குடிச்சேன்" என்றார்.

"ஆமா மாமா. மூணுதான். என்னை மன்னிச்சிடுங்க. உங்களைப் போய்ப் பொய் சொல்றீங்கன்னு சொல்லிட்டேன்."

அவர் அவளைப் பார்க்கவில்லை. ஜாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ சொன்னதுக்காக நான் கிளம்பலம்மா" என்றார். "பயந்துதான் கிளம்பினேன்."

"எதுக்குப் பயம்?"

"ஜாடியை நானே கண்ணால பார்த்தேனே. தண்ணி குறைஞ்சிருக்கு. வீட்டுல என்னைத் தவிர யாரும் இல்ல. நான் குடிக்கலன்னா யாரு குடிச்சா? குடிச்சிட்டு மறந்துட்டேனோன்னு நினைச்சேன். தூக்கத்துல எழுந்து போய்க் குடிக்கிறேனோன்னு நினைச்சேன். ரெண்டு நாள் படுக்கறதுக்கு முன்னாடி கதவுக்குக் குறுக்கே நாற்காலியைப் போட்டுக்கிட்டுப் படுத்தேன். காலையில பார்த்தா நாற்காலி அப்படியே இருக்கு. கால் மட்டும் வீங்கிக் கிடக்கு. சரி, புத்தி பிசக ஆரம்பிச்சிடுச்சு, பிள்ளை கப்பல்ல இருக்கும்போது இந்தப் பொண்ணு தனியா என்ன பண்ணும்னு நினைச்சேன். அங்க போனா வீக்கம் குறைஞ்சுது. அப்பவும் நிம்மதி வரல. இங்க குடிக்கல, அப்ப அங்க குடிச்சிருக்கேன், அது எனக்கே தெரியல. அப்படித்தானே அர்த்தம்?"

அவருக்குத் தன்மேல் கோபம் என்று நினைத்திருந்தாள். கோபமாக இருந்திருந்தால் பரவாயில்லை என்று இப்போது தோன்றியது. கடையில் சில சமயம் வேறு எங்கோ தவறாகச் செய்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆட்கள் வருவார்கள். மாதக்கணக்கில் தலைவலி என்பார்கள். கண்ணாடி தப்பாக இருக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றியே இருக்காது. தன் தலையில்தான் ஏதோ கோளாறு என்று பயந்துபோயிருப்பார்கள்.

"உங்க புத்திக்கு ஒண்ணும் இல்ல மாமா" என்றாள். "கப்புதான் தப்பு. கப்பை எடுத்துக் குடுத்த நான்தான் தப்பு."

"நீ மட்டும் என்ன? நர்ஸ் அஞ்சுன்னு சொன்னப்போ நானும்தானே விரலை எண்ணிப் பார்த்தேன். எந்தக் கப்புன்னு கேட்கத் தோணலையே." அவர் ஜாரை மேஜையில் வைத்தார். "வண்டியில டீசல் முள்ளு சில நேரம் இப்படித்தான் மாட்டிக்கும். பாதி டாங்க்னு காட்டும், வண்டி நடுவழியில நின்னுடும். ஏறி உட்கார்ந்தவங்க முள்ளையா திட்டுவாங்க? டிரைவரைத்தான் திட்டுவாங்க."

அவர் சிரிக்க முயன்றார். அவளும் முயன்றாள். இருவருக்கும் சரியாக வரவில்லை.

மத்தியானம் கப்பலிலிருந்து மகன் பேசினான். அவனுக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது. "அப்பா, நான் அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்று ஆரம்பித்தான். பெரியவர் இடைமறித்தார். "அதை விடுப்பா. உன் பொண்டாட்டி ஒழுங்காச் சாப்பிட்டுப் பல நாள் ஆச்சு போலிருக்கு, கன்னம் ஒட்டிக் கிடக்கு. அவகிட்ட நாலு வார்த்தை நல்லாப் பேசு" என்று போனை அவளிடம் நீட்டினார்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் அதே நர்ஸ்தான் வந்தாள். மாத்திரைகளைச் சொல்லி முடித்துவிட்டு, "தண்ணி அஞ்சு கப்" என்று ஆரம்பித்தாள்.

"சிஸ்டர், ஒரு நிமிஷம்" என்று மருமகள் இரண்டு கப்பையும் எடுத்து நீட்டி நடந்ததைச் சொன்னாள். குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லக் கூடாது என்று கவனமாகத்தான் சொன்னாள். ஆனாலும் நர்ஸின் முகம் சிவந்துவிட்டது.

"மில்லின்னு சொன்னா யாருக்கும் புரியறதில்லைங்க. எத்தனை பேர் பயந்து போய்த் தண்ணியே குடுக்காம விட்டிருக்காங்க தெரியுமா? அதுக்காகத்தான் கப்பா மாத்திச் சொல்றோம்."

"புரியுது சிஸ்டர். நீங்க சொன்னது எங்களுக்கும் ஆறுதலாத்தான் இருந்துச்சு."

நர்ஸ் கப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங்க வீட்டுல இருக்கறதும் இதே மாதிரி பெரிசுதான்" என்று மெல்லச் சொன்னாள். பிறகு அடுத்த கட்டிலுக்குப் போனாள். அங்கே ஒரு அம்மாவிடம், "வீட்டுல எதுல தண்ணி குடிப்பீங்க? அடுத்த தடவை வரும்போது அதைக் கையோட எடுத்துட்டு வாங்க" என்று சொல்வது இவர்கள் காதில் விழுந்தது.

எந்த வீட்டுக்குப் போவது என்று யாரும் பெரியவரிடம் கேட்கத் துணியவில்லை. அவரே மகளிடம், "உன் வீட்டு மாவு இன்னும் என் மூக்கை விட்டுப் போகல. கொஞ்ச நாள் அங்க இருந்துட்டு வர்றேன்" என்று மருமகள் பக்கம் கையைக் காட்டினார். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். தன் அளவு ஜார் ஒன்றை அவளே பையில் வைத்துக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மருமகள் ஜாரைக் கொண்டுபோய் மாமனார் கையில் கொடுத்தாள். "இனிமே நான் பார்க்க மாட்டேன் மாமா. நீங்களே அளந்துக்கோங்க. எவ்வளவுன்னு நான் கேட்க மாட்டேன்."

சொன்னது சுலபமாக இருந்தது. மறுநாள் கடையில் இருக்கும்போது மத்தியானம் இரண்டு முறை போனைக் கையில் எடுத்தாள். ஒரு முறை எண்ணையே அழுத்திவிட்டாள். அவர் "சொல்லும்மா" என்றதும், வாய்வரை வந்ததை மென்று விழுங்கிவிட்டு, "ஒண்ணுமில்ல மாமா, மழை வர்ற மாதிரி இருக்கு, மாடியில துணி கிடக்கு" என்றாள்.

"எடுத்து மடிச்சே வச்சுட்டேன்" என்றார் அவர்.

சாயங்காலம் வந்தபோது சமையலறையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பெரியவர் பாத்திரத்தில் டீ கொதிக்கவிட்டு நின்றிருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் அடுப்புப் பக்கம் வந்து அவள் பார்த்ததில்லை.

"எனக்கு இன்னிக்கு இன்னும் இருநூத்தம்பது மில்லி பாக்கி இருக்கு" என்றார். "அதுல பாதி இப்போ, பாதி தூங்கப் போறப்போ. உனக்குக் கணக்கெல்லாம் கிடையாது, வேணுங்கற அளவு குடி. உட்காரு."

அவள் பையைக் கூடக் கீழே வைக்காமல் உட்கார்ந்தாள். அவர் ஜாரில் தன் பங்கை அளந்து ஊற்றிக்கொண்டார், அவளுக்கு அளக்காமல் ஊற்றினார். சர்க்கரை அதிகமாகப் போட்டிருந்தார். அவள் அதைச் சொல்லவில்லை. கண்ணாடிக் கடையில் அன்று வந்த ஒரு பிடிவாதக்கார வாடிக்கையாளரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். பெரியவர் செய்தித்தாளை மடித்து ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டார்.